வெடிக்கப் போகிற கப்பல்

ஞாயிறு இரவு

விண்வெளித் தொடரின் முன்கதைப் படங்களில் கடைசியை இன்று விருதுநகரில் பார்த்தோம். நாயகனின் கப்பல் வெடிக்கும், அதன்பிறகுதான் அவன் கெட்டவனாவான் என்பது பள்ளிக்கூடக் காலத்தில் பார்த்த பழைய படங்களிலிருந்தே எனக்குத் தெரியும். என் மனைவி செல்விக்கு இந்தத் தொடரில் இதுதான் முதல் படம். அவள் பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசர். நாயகன் எரியும் பந்தத்தோடு எரிபொருள் அறைக்குள் நுழைந்ததும் எழுந்து நின்று கத்திவிட்டாள்.

"ஏலே, தீயோட அங்கன போகாதலே!"

தியேட்டரே சிரித்தது. எனக்கு மட்டும் ஒரு நொடி, அவன் திரும்பிவிடுவான் என்றே தோன்றியது.

திரும்பவில்லை.

பஸ்ஸில் விசாரணை.

"வெடிக்கும்னு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா உக்காந்திருந்தீக?"

இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். பழைய படங்களில் அவன் கெட்டவனாகிச் செய்வதையெல்லாம் இவளிடம் எப்படிச் சொல்வேன்?