பன்னீர் தெளித்த சட்ட முகாம்

12-8-2003, செவ்வாய்

எரிச்சல் அடங்கவில்லை. எங்கள் சட்டக் கல்லூரியின் இலவச சட்ட உதவி முகாம் இன்று ஆரணியில் நடந்தது. செலவெல்லாம் பழைய மாணவர் சங்கத்துடையது. எனக்கு ஃபீஸ் கட்டுவதும் அவர்கள்தான். இடம், பட்டு முதலாளியின் கல்யாண மண்டபம். நெசவாளர்களின் புகாரே அவர் மேல்தான் என்று சங்கத் தலைவரிடம் போன வாரமே சொன்னேன்.

"மண்டபத்த இலவசமா குடுக்கிறாரும்மா. நீ மட்டும் காசு கட்டியா படிக்கிற?" என்றார்.

காலையில் முதலாளியே வாசலில் நின்று எல்லோருக்கும் பன்னீர் தெளித்தார். எங்கள் வீட்டுத் தறியை ஆள் வைத்துக் கழற்றிக்கொண்டு போனவர். அதைத் திருப்பிக் கேட்டு நான் எழுதிக் கொடுத்த மனுவோடு அம்மா வந்தாள். அவரைப் பார்த்ததும் மனுவை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். ஓடிப்போய் மறித்தேன்.

"அந்தாளு சிரிச்சிகினு பன்னீர் தெளிக்கிறான். அவன் எதிர்லயே அவன் மேல மனு குடுக்கச் சொல்றியா? நீ உள்ள போ, உன்னத் தேடுவாங்க."

மாலையில் தலைவர் மைக்கில் சொன்னார்: "ஒரு புகார்கூட வரல. ஆரணி நெசவாளருங்க நல்லா இருக்காங்க."

கைதட்டினார்கள்.

நன்றியுரை நான். முதலாளியின் பெயரைத்தான் முதலில் சொன்னேன்.