மறுப்புக்குக் கடைசி நாள்

உட்ரெக்ட்,
12 நவம்பர் 2018

அன்புள்ள ஸ்லாத்தா,

நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எதிரில் ஒரு குரல் இருந்தால் எனக்கு வரிசை குலைந்துவிடும். அதனால் எழுதுகிறேன். மூன்று விஷயங்கள்:

1. பக்கவாதப் பிரிவுகள் பற்றிய அந்த விதி எப்படி நிறைவேறியது.
2. நான் ஏன் மறுப்பு அனுப்பவில்லை.
3. அனுப்பியிருந்தாலும் ஏன் எதுவும் மாறியிருக்காது.

முதலாவது. பிரஸ்ஸல்ஸில் எங்கள் குழுவில் பதினான்கு பேர். பதினான்கு நாட்டு நரம்பியல் மருத்துவர்கள். கைதூக்கி வாக்களிக்கும் வழக்கம் இல்லை. தலைவர் வரைவை அனுப்பி ஒரு நாளும் மணியும் குறிப்பார். அதற்குள் யாரும் எழுத்தில் மறுக்காவிட்டால் அது நிறைவேறியதாகக் கணக்கு. ஒருவர் மறுத்தாலும் மறுபடி பேச்சுக்கு வரும்; அப்போதுதான் எண்ணிக்கை பார்த்துப் பெரும்பான்மைப்படி முடிவாகும். இந்த வரைவுக்குக் குறித்தது செப்டம்பர் 28, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. ஆண்டுக்கு நூற்றைம்பது நோயாளிகளுக்குக் குறைவாகப் பார்க்கும் பிரிவுக்கு அங்கீகாரம் இல்லை என்றது அது. உன் பிரிவுக்கு ஆண்டில் வருபவர்கள் தொண்ணூற்று நான்கு பேர். வாசித்த நிமிடமே அந்த எண் எனக்கு நினைவு வந்தது.

இரண்டாவது. நான் மறுப்பு எழுதினேன், ஸ்லாத்தா. இரண்டு பக்கம், பதினொரு அடிக்குறிப்பு. உன் பிரிவில் நோயாளி வாசலுக்கு வந்த முப்பத்தொரு நிமிடத்தில் ஊசி போடப்படுகிறது, என் பழைய மருத்துவமனையில் நாற்பத்தேழு ஆகிறது என்றெல்லாம் எழுதியிருந்தேன். ஏழாவது அடிக்குறிப்பில் ஒரு ஆய்வின் ஆண்டு சரிதானா என்று சந்தேகம் வந்தது. நூலகத்துக்கு எழுதிக் கேட்டேன். பதில் திங்கட்கிழமை வந்தது. ஆண்டு சரியாகத்தான் இருந்தது.

மூன்றாவது. மற்ற பதின்மூன்று பேருக்கும் ஒப்புதல்தான். நான் மறுத்திருந்தால் இன்னொரு கூட்டம் நடந்திருக்கும். பதின்மூன்றுக்கு ஒன்று என்று தோற்றிருப்பேன். இதை நினைத்துத்தான் கொஞ்சமாவது நிம்மதியாக இருக்கிறேன். நீயும் இதை நினைத்து என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிளம் ஜாம் கிடைத்தது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

என்றும் உன்,
எவர்ட்


ஹோர்னா யெலின்கா,
26 நவம்பர் 2018

அன்புள்ள எவர்ட்,

ஜாம் செப்டம்பரில் அனுப்பியது. இப்போது என்றால் அனுப்பியிருக்க மாட்டேன்.

உன் கடிதத்தைப் பிரிவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தப்புதான், கோபத்தில் செய்துவிட்டேன். எங்கள் தலைமைச் செவிலி பிளாஷெனா கேட்டாள்: "டாக்டரம்மா, உங்க ஹாலந்துக்காரருக்கு விரல் சுளுக்கா? ஒரு பொத்தானை அமுக்கக்கூட ஆள் வைக்கணுமா?"

"அவர் எதையும் சரிபாக்காம அனுப்ப மாட்டார்டி" என்று உனக்காகப் பரிந்து பேசினேன்.

"ஓஹோ! அப்ப நம்ம நாலு படுக்கையையும் சரிபாத்துத்தான் புடுங்கினாராக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பதினாறு வருடம் உன் ஐரோப்பியப் பக்கவாதப் பதிவேட்டுக்குப் படிவம் நிரப்பினோம், காப்பி குடிக்க வேண்டிய நேரத்தில். "சின்ன ஊர்களும் சேந்தாத்தான் இது ஐரோப்பா, ஸ்லாத்தா" என்று என் சமையலறையில் உட்கார்ந்து நீதான் சொன்னாய், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு உருண்டையை மூன்றாம் முறை வாங்கிக்கொண்டு. அந்தப் பதிவேட்டை வைத்தே எங்களை அளந்து, போதாது என்று ஒதுக்கியிருக்கிறீர்கள்.

சுகாதார அமைச்சகத்தின் கடிதம் வந்துவிட்டது. ஜனவரி முதல் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி எங்களுக்குக் கிடையாது. நோயாளியை மலைக்கு அப்பால் அனுப்ப வேண்டும். வெயில் நாளில் ஒரு மணி ஐம்பது நிமிடம். பனி நாளில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பக்கவாதம் வந்து நாலரை மணிநேரம் தாண்டினால் அந்த ஊசியால் பலனில்லை. அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் செய். அந்த இரண்டு பக்கத்தை இப்போதாவது அனுப்பு, உங்கள் தலைவருக்கும் எங்கள் அமைச்சகத்துக்கும்.

ஸ்லாத்தா


உட்ரெக்ட்,
5 டிசம்பர் 2018

அன்புள்ள ஸ்லாத்தா,

நீ கோபப்படுவது நியாயம். ஆனால் நாள் கடந்த மறுப்பை ஏற்க விதியில் இடம் இருப்பதாகத் தெரியவில்லை. அமைச்சகத்துக்கு நான் நேரடியாக எழுதினால் குழுவை மீறியதாக ஆகும். ஜனவரிக் கூட்டத்தில் தலைவரிடம் முதலில் வாய்வார்த்தையாகக் கேட்டுப் பார்க்கிறேன். அதுதான் முறை என்று நினைக்கிறேன்.

பிளாஷெனாவுக்கு என் அன்பு. அவள் சொன்னதில் தவறில்லை.

எவர்ட்


ஹோர்னா யெலின்கா,
11 பிப்ரவரி 2019

மதிப்பிற்குரிய டாக்டர் ஹாவர்காம்ப் அவர்களுக்கு,

தங்கள் தகவலுக்காக. பிப்ரவரி 4, காலை ஏழரை மணிக்கு, இம்ரிக் என்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநரை எங்கள் வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். வயது ஐம்பத்திரண்டு. வலது பக்கம் செயலிழந்து நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. ஸ்கேன் எடுத்தோம். மருந்து இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றினோம். கணவாயில் ஒரு லாரி சறுக்கிக் குறுக்கே கிடந்தது. அவர் போய்ச் சேர்வதற்குள் மொத்தம் ஐந்தரை மணிநேரம் ஆகிவிட்டது.

உயிரோடு இருக்கிறார். ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. மனைவி "வலிக்குதாங்க?" என்று கேட்டால் "சரி" என்கிறார். "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்?" என்றாலும் "சரி"தான். உங்கள் குழுவில் உட்கார அவருக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது.

உங்கள் பதிவேட்டுக்கான எங்கள் கடைசிப் படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். இனி எழுத வேண்டாம்.

டாக்டர் ஸ்லாத்திட்சா ஹுடாகோவா


உட்ரெக்ட்,
3 ஏப்ரல் 2019

ஸ்லாத்தா,

எழுத வேண்டாம் என்றாய். இது பதில் கேட்கும் கடிதம் அல்ல.

ஜனவரிக் கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை. தலைவரைச் சுற்றி எப்போதும் யாராவது நின்றுகொண்டிருந்தார்கள். அதையே காரணமாக எடுத்துக்கொண்டேன். உன் படிவம் வந்த பிறகுதான், மார்ச்சில், அந்த இரண்டு பக்கத்தை அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "பிரமாதமா எழுதியிருக்கீங்க எவர்ட். இது செப்டம்பர்ல எங்க இருந்துச்சு?" என்றார். விதி அடுத்து பரிசீலனைக்கு வருவது 2023இல். அன்று மாலையே உங்கள் அமைச்சகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வந்திருக்கிறது.

அதே மார்ச் கூட்டத்தின் காப்பி இடைவேளையில் பின்லாந்து உறுப்பினர் கெர்த்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய வடபகுதியிலும் இரண்டு பிரிவுகளை மூடிவிட்டார்களாம்.

"செப்டம்பர்ல அன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் திரையையே பாத்துட்டு இருந்தேங்க" என்றாள். "நான், அயர்லாந்து, போர்ச்சுகல், இன்னும் நாலு பேர். உங்க மறுப்பு வந்ததும் கீழே கையெழுத்துப் போடலாம்னு பேசி வச்சிருந்தோம். சின்ன ஊர்ப் பிரிவுங்களப் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும்? நீங்களே சும்மா இருந்தீங்க. அப்ப இதுல ஏதோ நியாயம் இருக்கும்போலன்னு விட்டுட்டோம்."

ஏழு பேர். என்னோடு எட்டு, பதினான்கில்.

நவம்பரில் உனக்கு எழுதிய மூன்றில் முதல் இரண்டும் நடந்தவை. மூன்றாவது தவறு.

எவர்ட் ஹாவர்காம்ப்