பள்ளி வாசல் ஸ்லாப்புகளில் சேராத எஃகு இழை

ஐயா, இதைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். போன மாதம் பெயர் போடாமல் நான் கன்னடத்தில் எழுதிய மனு, மறுநாளே ஒப்பந்ததாரர் கைக்குப் போய்விட்டது. தங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று கேள்விப்பட்டு இம்முறை தமிழில் எழுதுகிறேன்.

அனுப்புநர்:
ஆ. ஐரின், பத்தாம் வகுப்பு,
மர்பி டவுன், பெங்களூரு.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
தர ஆய்வுப் பிரிவு, பெங்களூரு.

பொருள்: பள்ளி வாசல் கால்வாய் ஸ்லாப்புகளை வளைத்துச் சோதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பள்ளி வாசலில் எட்டடி ஆழக் கால்வாயின் மேல் நாற்பது புதிய ஸ்லாப்புகள் போட்டிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை தடுப்பை எடுத்துவிடுவார்கள். எல்.கே.ஜி. பிள்ளைகள் வேனுக்காக நிற்கப்போவது அவற்றின் மேல்தான்.

2. அவை பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு யார்டில் வார்க்கப்பட்டவை. அங்கே கான்கிரீட் மிக்சர் ஓட்டுபவர் என் அப்பா ஆம்ப்ரோஸ். கம்பி கட்டாத ஸ்லாப் என்பதால் இரண்டு வகை இழைகளைக் கலக்க வேண்டும் என்பது உத்தரவு: மயிர் போன்ற பிளாஸ்டிக் இழை, நுனி வளைந்த எஃகு இழை. முதல் நாள் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டியதில், குருவிக்கூடு போல் உருண்டு மிக்சர் நின்றுவிட்டது. சிறிது சிறிதாகத் தூவியிருந்தால் போதும். சைட் என்ஜினியர் சேஷகிரி அதற்குப் பொறுமையில்லாமல் எஃகையே விட்டுவிடச் சொன்னார். ஞாயிறு பூசை முடிந்து சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன்: பிரிக்காத எஃகு மூட்டைகள் மேல் உட்கார்ந்துதான் எல்லாரும் டீ குடிக்கிறார்கள்.

3. அறிவியல் கண்காட்சிக்காக முழ நீளத்தில் இரண்டு சிறிய உத்திரங்கள் வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் வைத்தேன். பிறகு நடுவில் மணல் வாளிகளைத் தொங்கவிட்டேன். பிளாஸ்டிக் இழை மட்டும் சேர்த்தது, விரிசல் விட்ட உடனே இரண்டாகிவிட்டது. இரண்டு இழையும் சேர்த்த உத்திரமும் விரிசல் விட்டது, ஆனால் விழவில்லை. தொய்ந்து நின்றது. மெல்லிய இழை சின்ன விரிசலைத் தடுக்கிறது. அது பெரிதானால் எஃகு இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. மேலே நிற்பவர் விலகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தைத்தான் எங்கள் ஸ்லாப்புகளில் இல்லாமல் செய்துவிட்டார்கள்.

4. இதைச் சேஷகிரி அவர்களிடமே சொன்னேன். “கியூப் டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு பாப்பா, நீ எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் ஆகுற வழியப் பாரு” என்று சிரித்தார். ஐயா, கியூப் என்கிற சிறு கான்கிரீட் கட்டியை நசுக்கித்தான் பார்க்கிறார்கள். எஃகு இழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாஸாகும். ஸ்லாப் நசுங்குவதில்லை, வளைந்து உடைகிறது. இதை இன்னும் எத்தனை பேரிடம்தான் சொல்வது?

5. மனு எழுதியது நான்தானா என்று இப்போது யார்டில் அப்பாவைக் குடைகிறார்கள். “இன்னொரு தடவ எழுதுனா மொதல்ல என் வேலதான் போவும்” என்கிறார் அப்பா. அவர் மேலே இருப்பவர்கள் சொன்னதைச் செய்தவர் மட்டுமே.

ஆகவே ஏதேனும் ஒரு ஸ்லாப்பை எடுத்து வளைத்துச் சோதிக்கவும், முடிவு தெரியும்வரை தடுப்பை எடுக்காமல் நிறுத்தவும், மிக்சர் ஓட்டியவர் மேல் பழி விழாமல் பார்த்துக்கொள்ளவும் மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: பெங்களூரு
நாள்: 18.11.2025

இப்படிக்கு,
ஆ. ஐரின்

பின்குறிப்பு: இன்று மாலை தடுப்புக்குள் நுழைந்து பார்த்தேன். வாசலுக்கு நேரே உள்ள ஸ்லாப்பில் விரிசல் ஓடுகிறது. அதன் மேல் இன்னும் யாரும் நடக்கவே இல்லை. அப்பா கதவைத் தட்டுகிறார். விரிசல் விட்ட ஸ்லாப் எண் 17