பேருந்து நிறுத்தத்தில் நடந்த ஒன்பதாம் வகுப்புப் பாடமும் அதன் மேல் நான் எழுதிய தவறான புகாரும்

அனுப்புநர்:
ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஒருத்தியின் பாட்டி
(படிப்பு: ஐந்தாம் வகுப்பு. வேலை: சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்து ஓய்வு பெற்றவள்).
பெயரும் கதவு எண்ணும் உறையின் பின்பக்கம் உள்ளன.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
உயர்நிலைப் பள்ளிகள் பிரிவு.

பொருள்: தலைமை ஆசிரியை மீது வந்த புகார் – அதை எழுதியவளே அதன் மேல் புகார் செய்வது – நிறுத்திவைத்த பாடத்தை மறுபடி தொடங்க உத்தரவு வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் 17ஆம் தேதியிட்ட, ‘நலம் விரும்பி’ என்று முடியும் கடிதம்.

மதிப்பிற்குரிய அலுவலர் ஐயா அவர்களுக்கு,

அந்த நலம் விரும்பி நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை எழுதுவது சுலபம் என்பதால் சொல்லிவிட்டேன்.

1. நடந்தது இது. சென்ற மாதம் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு மருந்துக் கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பள்ளி எட்டு மணிக்கே தொடங்கிவிடும். என் பேத்தியோ சீருடையோடு, மூன்று தோழிகளோடு, பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். பேருந்து வந்தது. ஒருத்தியும் ஏறவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், நோட்டில் எழுதினார்கள், சிரித்தார்கள். மறுநாளும் அப்படியே. எங்கள் கட்டடத்துக்குக் கீழே இஸ்திரி போடுகிறவர் வேறு, “என்ன பாட்டிம்மா, பேத்திய கண்டக்டர் வேலைக்கு விட்டுட்டீங்களா? டிக்கெட் கிழிக்கிறது ஒண்ணுதான் பாக்கி” என்றார். சுருக்கென்றது.

அவளிடமே கேட்டிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். கேட்டால் பொய் சொல்லுவாளோ என்று பயந்தேன். இதுவரை என்னிடம் பொய் சொல்லாத பிள்ளை. அந்த முகம் பொய் சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் தங்களுக்கு எழுதினேன்.

2. அதில் நான்கு குற்றம் சொன்னேன்: பிள்ளைகள் ஊர் சுற்றுகிறார்கள், பாடப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை, கூட ஆசிரியர் யாரும் கிடையாது, தலைமை ஆசிரியைக்கு எதுவும் தெரியாது. பத்தே நாளில் அந்தப் பாடத்தை நிறுத்திவைத்து, தலைமை ஆசிரியையைத் திங்கட்கிழமை விசாரணைக்கு அழைத்து உத்தரவு வந்துவிட்டது. தங்கள் அலுவலகத்தின் சுறுசுறுப்பைப் பாராட்டுகிறேன். இந்த ஒரு முறை மட்டும் கொஞ்சம் சோம்பலாக இருந்திருக்கலாம்.

3. உத்தரவோடு என் கடிதத்தின் நகலும் பள்ளிக்குப் போயிருக்கிறது. வேறொருவராக இருந்தால் கிழித்துப் போட்டிருப்பார்கள், அல்லது எழுதியது யாரென்று துருவியிருப்பார்கள். தலைமை ஆசிரியை அதை மொழிப் பாட ஆசிரியையிடம் கொடுத்து, வகுப்பில் பாடமாக வைக்கச் சொல்லியிருக்கிறார். எழுதியவர் கண்ணால் கண்டது எது, மனத்தில் நினைத்துக்கொண்டது எது என்று பிள்ளைகள் பிரித்து, பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும்.

அன்று மாலை பேத்தி வந்தாள். செருப்பைக் கழற்றினாள், ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள், என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பாட்டி, உன் கடிதத்துக்குப் பத்துக்கு நாலு.”

எந்தக் கடிதம் என்று கேட்டுப் பார்த்தேன். கையெழுத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்; வரி முடிந்ததும் குட்டியாக ஒரு கோடு இழுத்து மூடுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்திதானாம்.

“கிளாஸ்ல ரெண்டுதான் போட்டாங்க. சண்ட போட்டு நாலாக்கினதே நான்தான். யாரு எழுதினதுன்னு மூச்சு விடல.”

சமையலறையில் இருந்த என் மகள் சிரித்த சிரிப்பில் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அன்று சிரிக்கவில்லை. மறுநாள் சிரித்தேன்.

4. மறுநாள் பள்ளிக்கே போய்த் தலைமை ஆசிரியையிடம், எழுதியது நான்தான் என்றேன். அவர் நாற்காலி போடச் சொன்னார். பிறகு ஆய்வகத்துக்கு அழைத்துப் போய் மேசைமேல் விரித்திருந்த ஒரு பெரிய தாளைக் காட்டினார். செவ்வாய்க்கிழமைதோறும் பள்ளி விட்டபின் ஐந்து பாட ஆசிரியர்களும் அந்த மேசையைச் சுற்றி உட்காருவார்களாம். பருவத்துக்கு ஒரு கேள்வி. அதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுப்பார்கள். இந்தப் பருவத்துக் கேள்வி, ‘எங்கள் தெருப் பேருந்து ஏன் தாமதமாக வருகிறது?’ அதற்குக் கணக்கு என்ன தரும், அறிவியல் என்ன தரும் என்று ஒவ்வொருவரும் தம் கட்டத்தை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பாடப் புத்தகத்தின் பக்க எண் சிவப்பு மையில் இருந்தது. கணக்குக்கு 84 முதல் 97 வரை. புத்தகத்தைத் தொடுவதில்லை என்று எழுதியவள் அங்கேயே நின்று அத்தனை எண்ணையும் வாசித்தேன்.

கணக்கு ஆசிரியர் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லையாம். தலைமை ஆசிரியை அவரை அதட்டவில்லை. இரண்டு வாரம் அவருடைய வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறார். சராசரி என்றால் எதற்கு என்று ஒரு பிள்ளைக்கும் சொல்லத் தெரியவில்லை என்பதை இருவருமாகச் சேர்ந்து கண்டுபிடித்தார்களாம். இப்போது பேருந்துப் பாடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவர் அவர்தான்.

ஆசிரியர் யாரும் இல்லை என்றேன் அல்லவா? மொழிப் பாட ஆசிரியை இரண்டு நாளும் எதிர்ப்பக்கம் தேநீர்க் கடை பெஞ்சில் குடையோடு உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாகத் தெரியும். அவர் யாரென்று தெரியாமல் அவரிடம்தான் நான் மணி கேட்டேன்.

5. பாடத்தின் பலனையும் பதிவு செய்ய வேண்டும். பேருந்து சராசரியாகப் பதினாறு நிமிடம் தாமதம். ஆனால் புதன்கிழமைகளில் சரியான நேரத்துக்கு வருகிறது. ஏன் என்று தேடிப் போனவர்கள், தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் சாமான் இறக்கும் லாரிகள் புதனன்று வருவதில்லை என்று கண்டார்கள். பத்து வருடமாக அதே பேருந்தைத் திட்டிக்கொண்டே ஏறுகிற என் மகளுக்கு இது தெரியாது. வீட்டில் இப்போது யாரும் ‘எப்பப் பாரு’ என்று பேச முடிவதில்லை. “எப்பப் பாரு லேட்டா எழுந்திருக்கிறே” என்று பேத்தியிடம் சொன்னேன். “எப்பப் பாருன்னா எத்தன நாள் பாட்டி? நோட்டுல இருக்கா?” என்கிறாள். உள்ளுக்குள் எவ்வளவு பூரிப்பு என்று அவளிடம் மட்டும் நான் காட்டிக்கொள்வதில்லை.

6. என் கடிதத்துக்குக் கிடைத்த அந்த நாலு மதிப்பெண் எதற்கென்றும் கேட்டேன். தலைமை ஆசிரியை சொன்னது: “நீங்க கண்டது உண்மைம்மா. பிள்ளைங்க வெளிய நின்னாங்க, வீட்டுக்கு நாங்க ஒரு வார்த்தை சொல்லல. அது எங்க தப்பு.” இனி ஒவ்வொரு பருவமும் பாடத்தைப் பற்றி ஒரு பக்கம் வீட்டுக்கு வரும். அதை முதலில் நான் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்குப் புரியாத வரி பள்ளி வாசலைத் தாண்டாது என்று அந்த மேசையில் முடிவாகிவிட்டது. முதல் பக்கம் வந்தது. ‘திறன்சார் கற்றல் விளைவுகள்’ என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். ஐந்து ஆசிரியர்களும் கை தட்டினார்கள். அவர்களுக்கும் அது புரிந்ததில்லையாம்.

7. ஆகையால் தங்களிடம் வேண்டுவது:

என் முந்தைய கடிதத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும். தலைமை ஆசிரியை மேல் சொன்ன குற்றம் எதுவும் அவர் பெயரோடு தங்கள் கோப்பில் தங்கக் கூடாது. திங்கட்கிழமை விசாரணை நடந்தே ஆக வேண்டுமென்றால் குற்றவாளி நாற்காலியில் என்னை உட்கார வையுங்கள். முழங்கால் வலி, கைப்பிடி உள்ள நாற்காலியாக இருந்தால் நல்லது.

முக்கியமானது இது. வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பேருந்து அலுவலக மேலாளர் பிள்ளைகளுக்கு நேரம் கொடுத்திருக்கிறார். லாரிகள் அரை மணி தள்ளி வந்தால் போதும் என்பதை வரைபடத்தோடு காட்டப் போகிறார்கள். என் பேத்திதான் முதலில் பேச வேண்டியவள். தடை உத்தரவு இருப்பதால், பேச வேண்டியதைத் தலையணைக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறாள். “விடு பாட்டி, நீ வேணும்னேவா எழுதின?” என்று என்னைத் தேற்றுகிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஆறு வாரக் கணக்கு, ஒரு வரைபடம், எல்லாம் தயார். பள்ளி வாசலைத் திறந்துவிடத் தங்கள் கையொப்பம் ஒன்றுதான் வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குள் போட்டுவிடுங்கள் ஐயா. புதனன்று பேருந்து சரியான நேரத்துக்கு வந்துவிடும்.

இடம்: வீட்டுச் சாப்பாட்டு மேசை
நாள்: 9ஆம் தேதி, வியாழக்கிழமை

உண்மையுடன்,
(கையொப்பம்)
ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியின் பாட்டி

இணைப்பு: பேருந்து வந்த நேரப் பட்டியல், 3 பக்கம். (பேத்தி கையெழுத்து. அவளிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.)