வேண்டுமென்றே தவறிய பரீட்சை

ஒபலூசாஸ், லூயிசியானா
வியாழக்கிழமை

அன்பு மகன் லூசியனுக்கு அம்மா எழுதுவது.

நீ நலமாக இருப்பதாக உன் மனைவி ரெனே சொல்கிறாள். நான் நம்பவில்லை. இந்தக் கடிதத்தை நீயே படி. அவள் படித்துச் சொல்ல வேண்டாம்.

என் இடுப்பு வலி பரவாயில்லை. திங்கட்கிழமை நீ போனில் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். நேற்று மறுபடி கூப்பிட்டு, அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேட்டாய். இடையில் செவ்வாய்க்கிழமை நான் அழைத்தேன். ரெனே எடுத்து, "அவரு டீம் மீட்டிங்ல இருக்காரும்மா" என்றாள். ஃபுட்பால் ஆட்டக்காரர்களுக்குச் செவ்வாய் விடுமுறை. ஏழு அணிகளுக்கு நீ மாறி மாறிப் போனதில் எனக்கு அதுகூடவா தெரியாது? அப்போது பின்னாலிருந்து உன் குரல் கேட்டது: "அந்தத் திரையை இழுத்து விடு, கண்ணு கூசுது."

ஞாயிறு ஆட்டத்தை டிவியில் பார்த்தேன். ஊரே பந்தைப் பார்க்கும்; நான் அதை வைத்திருப்பவனைக் காக்க ஹெல்மெட்டோடு முன்னால் மறித்து நிற்கும் உன்னைப் பார்ப்பேன். இடைவேளைக்குப் பிறகு ஒருவன் தலை உன் தலையில் மோதியது. நீ எழுந்து தடுப்பு வரிசையின் இடப்பக்கம் போய் நின்றாய். உன் இடம் வலப்பக்கம். பக்கத்தில் இருந்தவன் தோளைப் பிடித்துத் தள்ளி உன்னைச் சரியான இடத்தில் நிறுத்தினான். "புதுசா வந்தவரு, இன்னும் இடம் பழகல" என்று வர்ணனையாளர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரிசையின் ஐந்து இடங்களுக்கும் உரிய பாடத்தை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்கிறவன் என்றுதானே உன்னை எல்லோரும் எடுக்கிறார்கள்?

பழைய அணியில் உன்னோடு இருந்த கார்டெல் நேற்று மாலை வந்திருந்தான். கம்போ சூப் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். என் சந்தேகத்தைச் சொன்னேன். என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு உளறிவிட்டான்.

"பயப்படாதீங்கம்மா. சீசனுக்கு முன்னாடி டாக்டருங்க ஒரு ஞாபகப் பரீட்சை வைப்பாங்க. நாங்க வேணும்னே தப்புத்தப்பா சொல்லுவோம். அப்புறம் தலையில அடிபட்டுத் திரும்ப வச்சாலும் அதே மார்க்குதான் வரும். ஒண்ணும் ஆகலன்னு விட்டுடுவாங்க. இந்த வித்தையை எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே உங்க பிள்ளைதான்."

கன்னியர் பள்ளியில் ஒரு தவறான விடைக்கு மதர் என்னை முழங்காலில் நிற்க வைத்திருக்கிறார். என் மகனோ தவறான விடை சொல்ல வகுப்பே நடத்தியிருக்கிறான்.

நீ ஏன் மறைக்கிறாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. முன்பு முழங்கால் வீங்கி ஒரு வாரம் உட்கார்ந்தாய். அதற்குள் உன் லாக்கரில் வேறொருவன் பெயர் ஒட்டியிருந்தது. இந்த முறை உட்கார்ந்தால் எட்டாவது அணி அழைக்காது என்று பயப்படுகிறாய். அழைக்காமல் போகட்டும். முழங்காலுக்கு மாற்று வைக்கிறார்கள், லூசியன்.

இதை இன்றே கூரியரில் அனுப்புகிறேன்; நாளைக் காலை கைக்கு வந்ததும் அணி டாக்டரிடம் போ. முதல் பரீட்சையில் பொய் சொன்னதைச் சொல். அவர் கேட்பதில் எது நினைவில்லையோ, அதை நினைவில்லை என்றே சொல். மதியத்துக்குள் நீ போகவில்லை என்று தெரிந்தால், நானே அவரை அழைத்துப் பேசுவேன். அதற்காக நீ என்மேல் வருடக்கணக்கில் கோபமாக இரு. கோபப்பட என்னை நினைவிருக்க வேண்டுமே, அது போதும்.

இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரைகிறேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொள்.

உன் அம்மா,
க்ளோத்தில்ட் மெத்வாயே