இரண்டாவது மூச்சு

ஜூன் 4

அன்புள்ள சுருக்கெழுத்துக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வரும், இனிமேல் கடிதம்தான் என்று பிரிந்த அன்று நீ போட்ட சட்டத்தை நான்கு வருடமாக நான் மீறவில்லை. அதற்காவது ஒரு சபாஷ் சொல்.

போன மாதம் கிரேனில் உட்கார்ந்தபடியே கண்ணசந்துவிட்டேன். தூக்கிய பெட்டி கீழே விழுந்தது. நல்லவேளை, அங்கே ஆள் இல்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் கிரேன் சாவி என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஈ.என்.டி. டாக்டர் மூக்குக்குள் கேமராவை விட்டுக் குடைந்து பார்த்தார். தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறதாம். பிறகு ஓர் இரவு பரிசோதனை அறையில் படுக்க வைத்தார்கள். தலை, மார்பு, கால் எல்லாம் ஒயர், தலைமாட்டில் மூச்சைப் பதிய ஒரு மைக். டெக்னீசியன் பெண் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்து அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் ஒயரைக் கழற்றும்போது மெதுவாகக் கேட்டாள்: "சார், ராத்திரி உங்க கூட யாராவது இருந்தாங்களா?"

"நீதானேம்மா கதவைச் சாத்துன?"

"ஆமா சார். ஆனா மைக்ல ரெண்டு மூச்சு கேக்குது."

என் மூச்சு முப்பத்தொரு தடவை நின்றதாம். அது நிற்கும்போதெல்லாம் இன்னொன்றும் நிற்கிறது. பிறகு அந்த இன்னொன்றுதான் முதலில் ஆரம்பிக்கிறது. அதைக் கேட்டுத்தான் நான் ஆரம்பிக்கிறேன். மைக் கோளாறு என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னிடம் சொல்லத் தோன்றியது, சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
கிரேன்காரன்


ஜூன் 9

மதிப்பிற்குரிய கிரேன்காரருக்கு,

சபாஷ். போதுமா?

உங்களுக்கு மூச்சு நிற்கிறது, டாக்டரிடம் வாருங்கள் என்று ஒன்பது வருடம் கரடியாகக் கத்தினேன். "உன் காதுலதான் கோளாறு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். எனக்குத் தூக்கம் கெட்டு, கோர்ட்டில் சாட்சி சொன்னதைத் தப்பும் தவறுமாக டைப் அடித்து, மெமோ வாங்கிய பிறகுதானே வீட்டை விட்டுக் கிளம்பினேன்? இப்போது ஒரு மைக் சொன்னதும் நம்பிவிட்டீர்கள்.

உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. உங்கள் மூச்சு நிற்கும்போது நானும் என் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். என் சத்தத்தில் உங்கள் சத்தம் கேட்காமல் போய்விடக் கூடாதே என்ற பயம். கடைசியில் முடியாமல் போய் வாயால் இழுப்பேன். அந்தச் சத்தத்துக்கு நீங்களும் இழுப்பீர்கள். ஒன்பது வருடம் எனக்கு இதுதான் ராத்திரி வேலை.

இங்கே தனி அறையில் படுத்தும் அது என்னை விடவில்லை. மூச்சு முட்டி விழித்துக்கொள்கிறேன். விழித்த நேரத்தைச் சுருக்கெழுத்துப் பேடில் குறித்து வைப்பது கோர்ட் பழக்கம். உங்கள் பரிசோதனை எந்தத் தேதியில் நடந்தது? அறிக்கையில் நேரம் போட்டிருந்தால் ஒரு நகல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சுருக்கெழுத்து


ஜூன் 13

அன்புள்ள சுருக்கெழுத்துக்கு,

மே 27 இரவு. நகல் இதோடு இருக்கிறது. எதற்கு என்று கேட்க வாய் வருகிறது, தைரியம் வரவில்லை.

டாக்டர் மாஸ்க் மிஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூக்கில் மாட்டிக்கொண்டால் ராத்திரி முழுக்கக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்குமாம்.

கிரேன்காரன்


ஜூன் 18

கிரேன்காரருக்கு,

மே 27 இரவு என் பேடில் ஆறு நேரங்கள் இருக்கின்றன. ஆறும் உங்கள் தாளில் இருக்கின்றன. ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. பேடை மூடி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டே படுத்தேன்.

மறுநாளே இங்குள்ள ஈ.என்.டி. டாக்டரிடம் போனேன். எனக்கும் ஒயர் மாட்டிப் பார்த்தார்கள். "தொண்டை சுத்தம், மூக்கு சுத்தம். அப்புறம் ஏம்மா மூச்சை நிறுத்துறீங்க?" என்றார்.

"நான் நிறுத்தல டாக்டர்" என்றேன். அடைப்பே இல்லாததால் எனக்கு மிஷினும் உதவாதாம்.

அதனால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நம் இருவருக்கும் இருக்கும் ஒரே மருந்து அதுதான்.

சுருக்கெழுத்து


ஜூன் 23

என் அன்பே,

மிஷின் வந்து ஐந்து நாளாகிறது. பெட்டியைப் பிரிக்கவில்லை.

கோபப்படாதே. நான்கு வருடமாக இந்த வீட்டில் தனியாகக் கிடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு நாளும் போகவே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. மாஸ்க்கைப் போட்டால் மூச்சு நிற்காது. மூச்சு நிற்காவிட்டால் நீ எதற்கு வரப்போகிறாய்? நேற்று ராத்திரி கட்டிலின் அந்தப் பக்கத்தில் உனக்காக ஒரு தலையணை போட்டேன். காலையில் அது குழிந்திருந்தது.

உன்
கிரேன்காரன்


ஜூன் 27

கிரேன்காரருக்கு,

அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

நான் அங்கே வருவதில்லை. இழுக்கப்படுகிறேன். உங்களுக்கு இது துணையாக இருக்கலாம், எனக்குக் கழுத்தை நெரிப்பதுபோல இருக்கிறது. முன்பு அரை நிமிடம் என்றால் இப்போது ஒரு நிமிடத்துக்கும் மேல் போகிறது. நேற்று எழுந்து கண்ணாடியைப் பார்த்தேன், உதடு நீலமாக இருந்தது. ஒரு நாள் என்னால் முதலில் ஆரம்பிக்க முடியாமல் போனால் உங்களை யார் எழுப்புவார்கள்? என்னை யார் எழுப்புவார்கள்?

மாஸ்க்கைப் போடுங்கள். ஒரு வாரம் ஒழுங்காகப் போட்டால் நானே வருகிறேன். இரண்டு காலால் நடந்து, பட்டப்பகலில், கதவைத் தட்டி வருகிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, வெறுப்பு எப்போதும் இருந்ததில்லை. இது சத்தியம்.

சுருக்கெழுத்து


ஜூலை 1

பெட்டியைப் பிரித்துவிட்டேன். இன்று ராத்திரியிலிருந்து போடுகிறேன். மாட்டிப் பார்த்தால் யானைக்குட்டி மாதிரி இருக்கிறேன், வந்தால் சிரிக்காதே.

வா.

கிரேன்காரன்


ஜூலை 10

அன்புள்ள என் கிரேன்காரருக்கு,

உங்கள் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை பதினொரு மணி.

சொன்னபடி நடந்து வந்தேன். ஒன்றாம் தேதி ராத்திரியிலிருந்து எனக்கு ஒரு தடவைகூட மூச்சு முட்டவில்லை. பதின்மூன்று வருடத்தில் முதல் முறையாக விடியும்வரை தூங்கினேன். பேடில் எழுத ஒன்றுமில்லை. மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று சந்தோஷப்பட்டு, உங்களுக்கு ஒரு சட்டைகூட எடுத்து வந்திருக்கிறேன்.

அரை மணி நேரமாகத் தட்டுகிறேன். நம் சட்டத்தை மீறி போன் அடித்தேன். உள்ளே மணி அடிப்பது எனக்கே கேட்டது. கிரேன் ஆபீஸுக்கும் போன் போட்டு விசாரித்தேன். "ரெண்டாம் தேதியிலேருந்து ஆளே வரலைங்க, சாவி அப்படியே இருக்கு" என்கிறார் மேனேஜர்.

கதவில் காது வைத்தால் மிஷின் ஓடுவது கேட்கிறது. காற்று ஒரே சீராக ஊதிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் உங்கள் மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. பழையபடி என் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடம் கழித்து வாயால் இழுத்தேன். உள்ளே யாரும் இழுக்கவில்லை.

நான் நிம்மதியாகத் தூங்கியதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, நீங்கள் மாஸ்க் போட்டது. இரண்டாவதை எழுத என் கை வரமாட்டேன் என்கிறது.

நான் கூப்பிட்ட பூட்டு உடைப்பவர் தெருமுனையில் வந்துகொண்டிருக்கிறார். அவர் படியேறுவதற்குள் இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில் பாதி தள்ளி வைக்கிறேன். மீதிப் பாதி என் விரலில் இருக்கும். நீங்கள் கதவைத் திறக்கக்கூட வேண்டாம். உள்ளேயிருந்து லேசாக இழுங்கள், போதும்.

உங்கள்
சுருக்கெழுத்து