பின்னறைக்குக் கேபிள் கொண்டுபோக இரண்டு துளைகள்

அனுப்புநர்:
பம்ப் ஆபரேட்டர், இரண்டாம் ஷிப்ட்,
நீரேற்று நிலையம்.
குடியிருப்பு: மூன்றாம் பிளாக், நான்காம் மாடி, கடைசி வீடு.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
ஊழியர் குடியிருப்புப் பராமரிப்புப் பிரிவு.

பொருள்: பின்னறைக்கு வைஃபை எட்டாமை – கேபிள் கொண்டுசெல்லச் சுவரில் இரண்டு துளையிட அனுமதி மறுக்கப்பட்டது – மறுபரிசீலனை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மேசையில் கோப்புகள் குவிந்து கிடப்பதை நான் அறிவேன். அதன்மேல் இன்னொரு காகிதம் வைப்பதற்குப் பொறுத்தருள வேண்டும். என் தங்கையின் வேலை இதில் அடங்கியிருக்கிறது.

1. என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாத குழந்தைகள் ஆறு பேருக்குக் கணினி வழியே சைகை மொழியில் பாடம் நடத்துகிறாள். ஆறு பேரும் ஆறு ஊர்களில் இருக்கிறார்கள். அவரவர் ஊரில் சைகை தெரிந்த ஆசிரியர் வேறு யாருமில்லை. வகுப்பு இப்படி அறுந்து அறுந்து நடந்தால் அடுத்த மாதம் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவளை நியமித்த பள்ளி எழுதிவிட்டது.

2. கூடத்தில் உட்கார்ந்து நடத்தலாமே என்று தங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. கூடத்து ஜன்னலைப் பக்கத்து பிளாக்கின் சுவர் மறைப்பதால் பகலிலும் இருட்டுதான். குறுக்கே நானோ அம்மாவோ நடந்தால் குழந்தைகளின் கண்ணும் எங்களோடு நடந்துவிடுகிறது. பின்னறையில்தான் முகத்திலும் கையிலும் வெளிச்சம் நேராக விழுகிறது.

3. இணைய நிறுவனத்தார் அதிக வேகத் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். மாறினோம். கூடத்தில் பறக்கிறது, பின்னறையில் பழைய கதைதான். நடுவில் சமையலறை, குளியலறை, மூன்று கான்கிரீட் சுவர்கள். கடைக்கோடி வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் மேல்தொட்டியை நிரப்பிக்கொண்டே இருந்து பயனில்லை, குழாயைத்தான் கொண்டுபோக வேண்டும் என்பதை நம் துறைக்கு நான் சொல்லத் தேவையில்லை.

4. சிக்னலை வாங்கி மேலும் தள்ளும் ரிப்பீட்டர் ஒன்றை நடைவழியில் மாட்டினோம். ஓரளவு தேறியது. ஆனால் தினமும் மதியம் ஆனதும் வகுப்பு மொத்தமாக அறுந்தது. காரணம் தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டோம். தங்கையைக் கூப்பிட நடைவழி விளக்கை அணைத்து அணைத்துப் போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். ரிப்பீட்டர் மாட்டிய பிளக்கும் அதே சுவிட்சில்தான் ஓடுகிறது. பாடம் முடிந்திருக்கும் என்று நினைத்துச் சாப்பிடக் கூப்பிட்ட அம்மாதான் தினமும் வகுப்பைக் கலைத்திருக்கிறார். தெரிந்ததும் அம்மா அழுதுவிட்டார். தங்கையோ விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது அந்த சுவிட்சை யாரும் தொடுவதில்லை. விளக்கு பகலிலும் எரிகிறது. ஆனாலும் அங்கிருந்தும் இரண்டு சுவர் தாண்ட வேண்டியிருப்பதால் படம் நின்று நின்றுதான் வருகிறது.

5. கேபிளைத் தரையோடு, கதவுகள் வழியே இழுத்தும் பார்த்தோம். அம்மா தடுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டோடு இருக்கிறார். அன்றே அதைச் சுருட்டி வைத்துவிட்டோம்.

6. என் முதல் மனுவின்பேரில் மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். நான்கு மாடியும் மூச்சு வாங்க ஏறி வந்தார். பின்னறையில் நின்று, எங்கள் வைஃபையிலேயே தம் வீட்டுக்குப் பேசிப் பார்த்தார். “கணீர்னு கேக்குதே தம்பி! படம் கொஞ்சம் நின்னா என்ன, குரல் வருதில்ல?” என்றார். சேவை திருப்திகரம், துளை அவசியமில்லை என்று முடிவானது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. காது கேட்கும் நம்மில் யாராயிருந்தாலும் அப்படித்தான் சோதித்திருப்போம். ஆனால் என் தங்கைக்கும் அந்தக் குழந்தைகளுக்கும் படம் நின்றால் பேச்சே நின்றுவிடுகிறது, ஐயா.

7. சென்ற வாரம் ஒரு கணக்கின் நடுவில் படம் நின்றது. தூக்கிய கையை இறக்காமல் தங்கை அப்படியே காத்திருந்தாள். படம் திரும்பியபோது திரையில் ஆறு வீடுகளிலும் விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. குழந்தைகள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் வகுப்பில் அவள் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. கதவோரம் நின்று நானே பார்த்தது இது.

ஆகவே, நடைவழிவரை கேபிளைச் சுவரின் மேலோரமாகக் கொண்டுபோய், அதற்கப்பால் உள்ள இரண்டு சுவர்களில் மட்டும் ஒவ்வொரு துளையிட அனுமதி தந்து உதவக் கேட்டுக்கொள்கிறேன். கேபிள் நுழையும் அளவுக்கு மேல் துளை இருக்காது. தண்ணீர்க் குழாய்கள் ஓடாத இடமாகப் பார்த்துப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். வீட்டைக் காலி செய்யும்போது நானே பூசிக் கொடுத்துவிடுகிறேன்.

இன்னும் ஐயம் இருந்தால், வகுப்பு நடக்கும் ஒரு முற்பகலில் தாங்களே வர வேண்டும். ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு, திரையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: நடைவழி விளக்கு பட்டப்பகலில் எரிவதைப் பார்த்து, மின்சாரம் வீணாகிறதே என்று தயவுசெய்து அணைத்துவிட வேண்டாம்.

இடம்: ஊழியர் குடியிருப்பு
நாள்: 17.06.2024

தங்கள் வருகையையோ அனுமதியையோ எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
பம்ப் ஆபரேட்டர், இரண்டாம் ஷிப்ட்